ஏழாம் வகுப்பில் சத்தம் அடங்குவதில்லை: கடலோரப் பள்ளிகளில் பணியாற்றியவர்களிடம் ஒரு கேள்வி

வடகடல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில், அதாவது 2025 ஜூன் மாதம், மண்டபம் ஒன்றியத்தில் வடகடலை (பாக் விரிகுடாவை) ஒட்டியுள்ள ஒரு நடுநிலைப்பள்ளிக்கு மாறுதலில் வந்திருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு நானே வகுப்பாசிரியை. 38 பிள்ளைகள், அவர்களில் 23 பேர் ஆண்பிள்ளைகள். பெரும்பாலும் விசைப்படகில் பங்குக்கு (பிடிபடும் மீனின் வருமானத்தில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று) போகும் தகப்பன்மாரும், மீன் விற்கவோ கருவாடு காயப்போடவோ போகும் தாய்மாரும் உள்ள வீடுகள்.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. ஜூன் மாதத்தின் பின்பாதியிலிருந்து வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு கேள்வி கேட்டால் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். அதுவும் பேச்சாக இல்லை, கூவலாக இருக்கிறது. பரமக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். இவர்களோ பக்கத்து இருக்கையில் இருப்பவனிடம் ரப்பர் கேட்பதற்கும் தெருமுனையில் நிற்பவனை அழைப்பது போல அழைக்கிறார்கள். முதல் பாடவேளையில் ஐந்தாறு பேர் தாமதமாக வருகிறார்கள். வந்தவர்களில் இருவர் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பையன் இருக்கிறான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொண்டு படகின் இன்ஜின் கிளம்பும் ஓசையை எழுப்புவான். முதலில் இரண்டு மூன்று தடவை திணறி, பிறகு பிடித்து, சீராக ஓடும் வரை அப்படியே அச்சாகச் செய்வான். (திறமையை மறுக்க முடியாது, முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் நான் செய்த பிழையோ என்னவோ.) வகுப்பு முழுவதும் சிரித்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும்.

நான் செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் போட்டுப் பார்த்தேன். மாலையில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும்படி வகுப்புத் தலைவனிடம் சொன்னேன். அவன் வேண்டாதவர்கள் பெயரை மட்டும் எழுதுகிறான் என்று அது சண்டையில் முடிந்தது. பாடத்தை ஐந்து முறை எழுதி வரச் சொன்னேன். வெளியே நிற்க வைத்தேன். வெளியே நின்றவன் சன்னல் வழியாக நடித்துக் காட்டினான். தலைமையாசிரியரிடம் அனுப்பினேன். பெற்றோரை அழைத்தபோது வந்த ஒரே தகப்பனார், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை, சட்டமும் அனுமதிக்காது. ஆனால் கையில் பிரம்பு வைத்திருக்கும் பக்கத்து வகுப்பில் அமைதி நிலவுவதைப் பார்க்கும்போது, என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று தோன்றுகிறது. இந்தப் பகுதியில் பணியாற்றியவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம், சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் கழிந்தது.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றி. கரையில் வளரும் பிள்ளை அலையோசைக்கும் காற்றுக்கும் இன்ஜினுக்கும் மேலாகப் பேசப் பழகிய பிள்ளை. கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு முறை போய் நின்று பாருங்கள். ஒரு கயிற்றில் இருப்பவர் மறு கயிற்றில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதை அடங்கிய குரலில் சொன்னால் அன்றைய மீன்பாடே போய்விடும். ஆகவே அவர்கள் உரத்துப் பேசுவதை உங்களுக்குக் காட்டும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நேரத்தில் பதினைந்து பேர் பேசுவது வேறு சிக்கல், அதைச் சரிசெய்ய வேண்டும். குரலின் உயரம் வேறு, அதைச் சற்று விட்டுப்பிடிக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நான் பல ஆண்டுகளை வீணாக்கியிருக்கிறேன்.

அடுத்தது பிரம்பு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். உடல் தண்டனையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மன உளைச்சலைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெளியே நிறுத்துவதையும் பெயரைப் பலகையில் எழுதி அவமானப்படுத்துவதையும் அந்த இரண்டாவது சொல்லோடு சேர்த்து நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து நான் பிரம்பை விடவில்லை. அந்தச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே விட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் ஒருவனுக்கு நான்கு அடி கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கடைசி வரிசையில் சோழிகள் கைமாறிக்கொண்டிருந்தன. விசாரித்ததில், இன்று எத்தனை அடி விழும் என்று அவர்களுக்குள் பந்தயம் நடந்து வருவது தெரிந்தது. அடி வாங்கியவனும் ஆட்டத்தில் இருந்தான். நான் தண்டனை என்று நினைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த வகுப்பின் அன்றாட வேடிக்கையாக மாறி எத்தனை மாதங்கள் ஆகியிருந்தனவோ தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. இரண்டு வாரத்துக்கு எந்தப் புது முறையையும் கையாள வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு கட்டுமீறும் ஒவ்வொரு தடவையும் நாள், நேரம், அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, அதன் பிறகு நீங்களும் பிள்ளைகளும் என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். 'ரொம்ப மோசம்', 'திமிர்' போன்ற சொற்கள் அந்த நோட்டில் வரக் கூடாது; கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும் வர வேண்டும். எழுதி முடித்தபின் இங்கே வந்து சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கண்டிப்பு வேண்டும் எழுதியது:

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தால் பாடம் நடத்துவது யார்? அதே சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்; இங்கே 38 பேர். நான் பணியாற்றும் பள்ளியில் அலுவலகப் பணியாளர் இல்லாததால், பாடவேளையின் நடுவிலேயே இணையப் பதிவு வேலைக்கு என்னை அழைத்துவிடுகிறார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பில் சத்தம் எழாமல் சங்கீதமா எழும்? பிறகு, "உங்கள் வகுப்பில் கட்டுப்பாடு இல்லை" என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

'முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்' என்று நம் ஊரில் சொன்னவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்லர். நான் அடிக்கச் சொல்லவில்லை. தவறு செய்தால் அதற்கு ஒரு விளைவு இருக்கும் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பிரம்பை எடுத்துவிட்டார்கள், சரி. அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு யாராவது நேரான பதில் சொன்னால் நானும் கற்றுக்கொள்கிறேன்.

சிறப்புப் பயிற்றுநர், ராமநாதபுரம் எழுதியது:

மேலே எழுதிய ஆசிரியர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு நாள் தம் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரைக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவரை விட, சுற்றியிருந்த மற்றவர்களே அதிகமாக மாறியதைக் கவனித்தார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள். அதிலிருந்து, எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக, வகுப்பைத் திறமையாக நடத்தும் ஆசிரியரும் நடத்தத் தெரியாத ஆசிரியரும் தவறு நடந்த பிறகு செய்யும் கண்டிப்பில் பெரிதாக வேறுபடவில்லை. தவறு நடப்பதற்கு முன்பு அவர்கள் செய்தவற்றில்தான் வேறுபாடு இருந்தது. திறமையானவர்கள் வகுப்பின் எல்லா மூலைகளிலும் நடப்பது தங்களுக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் உணரும்படி நடந்துகொண்டார்கள். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும்போது வெற்று நேரம் விடவில்லை. ஒருவன் செய்த சிறு குறும்புக்காக முப்பது பேரின் பாடத்தை நிறுத்தவில்லை.

ஆகவே, 'பிரம்பின் இடத்தில் எதை வைப்பது' என்ற கேள்விக்கு என் பதில், பிரம்பு வந்து நின்ற அந்த இடமே பாதிக்கு மேல் தேவையற்றது என்பதாகும். இன்ஜின் ஓசைக்குப் பத்து நிமிடம் போவதாக டீச்சர் எழுதியிருக்கிறார். ஓசை அரை நிமிடம்தான் இருந்திருக்கும். மீதி ஒன்பதரை நிமிடம் சிரிப்பும் அதை அடக்க நாம் பேசிய பேச்சும்.

ஆயினும் விளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளைவு சிறியதாகவும் உறுதியானதாகவும் அன்றைக்கே முடிவதாகவும் இருக்க வேண்டும். செய்த தவறோடு அதற்குத் தொடர்பும் இருக்க வேண்டும். பிறர் நேரத்தை வீணாக்கியவன் மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் உங்களோடு உட்கார்ந்து விட்டுப்போன வேலையை முடிக்கலாம். மேசையைக் கிறுக்கியவன் துடைக்கலாம். பாடத்தை ஐந்து முறை எழுதச் சொல்வது மட்டும் வேண்டாம். எழுத்தையே தண்டனையாக்கிவிட்டு, பிறகு ஆர்வமாக எழுது என்று அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அந்தப் பையனைப் பொறுத்தவரை, 'கண்டுகொள்ளாமல் விடுங்கள்' என்று பலர் சொல்வார்கள். அவனுக்குக் கூலி கொடுப்பவர் நீங்கள் என்றால் அது பலிக்கும். இங்கே 37 பேர் சிரித்துக் கூலி கொடுக்கிறார்கள்; நீங்கள் ஒருவர் நிறுத்துவதால் அவன் வருமானம் குறையாது. அப்படியே குறைந்தாலும், எப்போதும் கிடைத்தது கிடைக்காமல் போகும்போது பிள்ளைகள் உடனே விட்டுவிடுவதில்லை. முதல் சில நாள்கள் இன்னும் பலமாகச் செய்து பார்ப்பார்கள். அந்த நாள்களில்தான் நாம் மனம் உடைந்து, முறையே தவறு என்று கைவிட்டுவிடுகிறோம். ஆகவே முதலில் அவன் எதைப் பெறுவதற்காக, அல்லது எதிலிருந்து தப்புவதற்காக அதைச் செய்கிறான் என்று பாருங்கள். ஐயா சொன்ன நோட்டு அதற்குத்தான்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. உரத்துப் பேசுவதிலும் சொன்னதைச் செய்யாமலிருப்பதிலும் ஓரிரு பிள்ளைகள் மட்டும் தனியாகத் தெரிந்தால், அவர்களின் காதையும் கண்ணையும் சோதிக்கச் செய்யுங்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது, அவர்களிடம் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். பிறகு, இவர்கள் எந்த ஆண்டுப் பிள்ளைகள் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் 2019 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன; தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. அப்படியானால் இரண்டாம் வகுப்பு முழுவதும், மூன்றாம் வகுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் பள்ளியைப் பார்க்காதவர்கள். அந்த இழப்பை ஈடுகட்ட 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியபோது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வரிசையில் உட்காரவும் பழக வேண்டிய வயதில் வீட்டிலும் கரையிலும் இருந்தவர்கள் இவர்கள்.

தங்கச்சிமடத்துத் தாய் எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் ஆசிரியை இல்லை, பிள்ளைகளின் தாய். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். பெரியவர்கள் பேசுமிடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும், ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஒன்று தோன்றியது.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள், ஜூன் பின்பாதியில் கெட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்தவுடன் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிடும். தடைக்காலத்தில் தகப்பன் வீட்டில் இருப்பார். கையில் காசு இருக்காது, வலை பொத்துவதும் படகுக்கு வர்ணம் அடிப்பதுமாக நாள் போகும், பிள்ளைகளும் நேரத்துக்குத் தூங்குவார்கள். கடல் திறந்துவிட்டால் வீட்டின் நேரமே மாறிவிடும்.

எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கள்கிழமை போன படகு செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே கரைக்கு வரும். அப்போது தாயும் கரைக்குப் போய்விடுவாள். பன்னிரண்டு வயதுப் பையனும் தூக்கக் கண்ணோடு கூடப் போவான். மீன் பிரிப்பான், ஐஸ் தூக்குவான், கையில் இருபது முப்பது ரூபாய் கிடைக்கும். அவன் ஒன்பது மணிக்கு உங்கள் வகுப்பில் உட்காரும்போது அவனுக்கு அரைநாள் வேலை முடிந்திருக்கும். உங்கள் ஊரிலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது; விசாரித்துப் பாருங்கள். பிள்ளையைக் கரைக்கு அனுப்பாதே என்று எங்களிடமும் சொல்ல வேண்டும்தான், அதைக் குழுக் கூட்டத்தில் நாங்களே பேசி வருகிறோம்.

பெற்றோரை அழைத்தால் வருவதில்லை என்று எல்லா ஆசிரியர்களும் குறைப்படுகிறார்கள். புதன்கிழமை அழைத்தால் தகப்பன் கடலில் இருப்பார், வியாழக்கிழமை அழைத்தால் தூங்கிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை மாலையில் அழைத்துப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளியிலிருந்து ஆள் விட்டால் எங்கள் தெருவே வாசலில் கூடிவிடும், அந்த அவமானத்தில் தகப்பன் பிள்ளையை அடிப்பார், மறுநாள் அவன் அந்தக் கோபத்தோடு உங்களிடம்தான் வருவான். தோலை உரித்துவிடுங்கள் என்று உங்களிடம் சொன்ன அந்தத் தகப்பன் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் சென்ற ஆண்டு திடீரென்று யாரைப் பார்த்தாலும் கை ஓங்க ஆரம்பித்தான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அவன் தகப்பன் அக்கரையில் சிறையில் இருந்தார். வகுப்பில் எவனோ அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறான். ஆசிரியருக்கு அது தெரிய ஒரு மாதம் ஆனது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வடகடல் ஆசிரியை எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி பத்துப் பள்ளி நாள்கள் நோட்டு எழுதினேன். 'கண்டிப்பு வேண்டும்' சாருக்காகச் சொல்கிறேன்: பாடம் நிற்கவில்லை, ஒரு பதிவுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை, பாதியை இடைவேளையில் நினைவிலிருந்துதான் எழுதினேன்.

மொத்தம் 34 பதிவுகள். அவற்றில் 20 பதிவுகள் செவ்வாயிலும் வியாழனிலும் வந்தவை. தங்கச்சிமடத்து அம்மா எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்த இரண்டு கிழமைகளும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று புரிந்தே இருக்காது. தலைமையாசிரியரிடம் பேசி, அந்த இரு நாள்களிலும் முதல் பாடவேளையை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் உட்கார்ந்து கேட்க வேண்டிய பாடத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, காலையில் செய்முறையும் படம் வரைவதும் வைத்திருக்கிறேன். தாமதமாக வருபவனிடம் வாசலில் விசாரணை நடத்துவதையும் நிறுத்திவிட்டேன். அவன் உள்ளே வந்து பலகையில் எழுதியிருக்கும் வேலையைத் தொடங்குகிறான், காரணத்தைப் பிறகு தனியே கேட்கிறேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், இவர்களில் சிலர் கரையிலிருந்து வெறும் வயிற்றோடு நேராகப் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதும் அப்படிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்கு என்ன செய்வது என்று மேலாண்மைக் குழுவில் வைக்கப்போகிறேன்.

பலரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வதற்கு நான்தான் காரணம் என்பதும் நோட்டில் தெரிந்தது. "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, முதலில் கூவுபவனுக்கு "சபாஷ்" என்று சொல்லி வந்திருக்கிறேன். இப்போது கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணி, பிறகு ஒருவர் பெயரைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள்கள் சத்தம் முன்பை விடக் கூடியது. சிறப்புப் பயிற்றுநர் எச்சரித்திராவிட்டால் நான்காம் நாள் விட்டிருப்பேன்.

இனி அந்தப் பையன். அவன் இன்ஜினைக் கிளப்பிய 9 பதிவுகளில் 7, வரிசையாக ஒவ்வொருவராகப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கும் நேரத்தில் வந்தவை. அவன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால் ஓசை தொடங்குகிறது. சிரிப்பு, கண்டிப்பு, வெளியே அனுப்புதல், அதற்குள் அவன் முறை போய்விடுகிறது. மதிய இடைவேளையில் தனியே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். தனி எழுத்துகள் தெரிகின்றன. கொம்பும் துணைக்காலும் வந்தால் நின்றுவிடுகிறான். 'கொதிநிலை' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. நான் அவனை வெளியே நிறுத்திய ஒவ்வொரு தடவையும் அவன் விரும்பியதையே கொடுத்திருக்கிறேன்.

அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது, துறையில் நிற்கும் படகுகளின் பெயர்ப்பலகைகளைத் தூரத்திலிருந்தே சொல்லுவான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் அவன் எழுத்தைப் படிக்கவில்லை, படகின் வர்ணத்தையும் முகப்பையும் வைத்துச் சொல்கிறான். ஆகவே அந்தப் பெயர்களையே ஒரு தாளில் எழுதி, கொம்பு வரும் பெயர்களாகத் தேர்ந்தெடுத்து, தினமும் பத்து நிமிடம் படிக்க வைக்கிறேன். இரண்டு நாள் வந்தான், மூன்றாம் நாள் வரவில்லை, நேற்று மறுபடி வந்தான்.

இப்போது எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது அவனை விட்டுவிட்டு அடுத்தவனுக்குப் போனால், அவனுக்குப் படிக்க வராது என்பதை நானே எல்லோருக்கும் அறிவித்தது போலாகிவிடும். படிக்கச் சொன்னால் இன்ஜின் கிளம்பும். என்ன செய்யலாம்?

கண்டிப்பு வேண்டும் எழுதியது:

டீச்சர், 34 பதிவுகளையும் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. என் வகுப்பில் நான் அழைக்கப்பட்டு வெளியே போன நேரங்களை மட்டும் ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். அந்தத் தாளைத் தலைமையாசிரியரின் மேசையில் வைத்தபின், முதல் இரண்டு பாடவேளைகளில் யாரையும் அழைப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு விளைவு வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

தம்பி, மாற்றம் வேண்டாம். அந்தத் தாள் நல்ல வேலை.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவனை விட்டுவிடவும் வேண்டாம், வரிசையாகப் படிக்க வைக்கவும் வேண்டாம். வரிசை என்பது தன் முறை எப்போது வரும் என்று ஒவ்வொருவனும் எண்ணிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. நன்றாகப் படிப்பவன் தன் முறை முடிந்ததும் தூங்குவான், படிக்க வராதவன் தன் முறை வரும் வரை நடுங்குவான். இருவருமே பாடத்தைக் கேட்பதில்லை. இருவர் இருவராகச் சேர்ந்து மெல்லிய குரலில் படிக்கச் சொல்லுங்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படித்தால் யார் திணறுகிறான் என்பது யாருக்கும் கேட்காது, நீங்கள் நடந்துகொண்டே கேட்கலாம். அவனுக்குத் துணையாக வகுப்பிலேயே முதலாவதாக வருபவனைப் போட வேண்டாம். ஓரளவு படிக்கத் தெரிந்த, கேலி செய்யாத ஒருவனாகப் பார்த்துப் போடுங்கள்.

எல்லோர் முன்னிலையிலும் அவன் படிக்க வேண்டிய நாள் வரும். அப்போது முந்திய நாள் மாலையே, இந்த இரண்டு வரி நாளைக்கு உன்னுடையது என்று தனியாகச் சொல்லி, இடைவேளையில் இரண்டு மூன்று தடவை படிக்க வைத்துவிடுங்கள். அந்த இரண்டு வரி சிறியதாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமையாக மட்டும் இருக்க வேண்டாம்.